காட்சியின் மேல் தேதியைப் போடுங்கள்: செய்திச் சேனல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் தமிழ்ச் செய்திச் சேனல்களின் ஆசிரியர்களுக்கும், செய்திப் பிரிவில் இரவு பகல் பாராமல் உழைப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் மடிப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். வேளச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் உங்கள் சேனல்கள் ஓடாத நாள் கிடையாது. காலையில் காபி கலக்கும்போது ஒன்று, ராத்திரி சாப்பிடும்போது இன்னொன்று. அதனால் யாரோ வெளியாள் குறை சொல்ல வந்திருக்கிறார் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மழை, வெள்ளம் என்று எந்தக் காட்சியைக் காட்டினாலும் அது எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதை அந்தக் காட்சியின் மேலேயே போடுங்கள். பழைய காட்சி என்றால் ‘பழைய காட்சி’ என்று வயதானவர்கள் கண்ணுக்கும் தெரிகிற அளவில் எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 72 வயது. எங்களுடையது தரைத்தள வீடு. 2015 டிசம்பரில் சமையல் மேடை வரைக்கும் தண்ணீர் ஏறிய வீடு. கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி, அதைத் தாண்டி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்று தண்ணீர் போகிற வழியில் வீடு கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். அந்த வருடம் வீட்டுப் பத்திரமும் அப்பாவின் போட்டோவும் நனைந்து ஒட்டிப்போயின. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு பழக்கம். மழை வலுத்தால் முக்கியமான சாமானை எல்லாம் மாடி அறைக்கு ஏற்றிவிடுவார். யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன நவம்பரில் ஒரு நாள் மதியம். நான் வேலையில் இருந்தேன், என் மகன் பள்ளிக்குப் போயிருந்தான். வெளியில் தூறல்தான். அம்மா டிவியைப் போட்டிருக்கிறார். சிவப்புப் பட்டை, சைரன் சத்தம், ‘தத்தளிக்கும் மடிப்பாக்கம்’ என்ற எழுத்து. அதற்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் ஜனங்கள் நடந்து போகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து நாலு நிமிட நடையில் இருக்கிற தெரு அது. அங்கே இடுப்பளவு என்றால் இங்கே வர எவ்வளவு நேரமாகும்? அம்மா யோசிக்கவில்லை. முதல் தடவை பத்திரப் பையையும் அப்பாவின் போட்டோவையும் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார். இரண்டாவது தடவை எவர்சில்வர் குண்டானில் அரிசியை அள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார். எங்கள் படிக்கட்டு வெளியில் இருக்கிறது, மேலே கூரை இல்லை. ஏழாவது படியில் வழுக்கிவிட்டது.

வலது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காதான் சத்தம் கேட்டு ஓடிவந்து 108-க்குச் சொன்னார். ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிடத்தில் வந்து நின்றது. வழியில் எங்கேயும் தண்ணீர் இல்லை. ‘தத்தளிக்கும்’ மடிப்பாக்கத்துக்குள் வந்த அந்த வண்டியின் சக்கரத்தில் சேறுகூட இல்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்வார்.

ராத்திரி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். படி நெடுக அரிசி கொட்டிக் கிடந்தது. தூறலில் ஊறி ஒவ்வொரு மணியும் உப்பியிருந்தது. கால் வைக்காமல் ஓரமாகவே ஏறி, ஓரமாகவே இறங்கினேன். அன்றைக்கு அதைப் பெருக்கித் தள்ள எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் அறுவை சிகிச்சை. அதற்கு அடுத்த நாள், ஆஸ்பத்திரி வார்டில் சுவரில் மாட்டியிருந்த டிவியில் அதே காட்சி மறுபடி ஓடியது. அதே தண்ணீர், அதே ஜனங்கள். அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்தார். “ஏண்டி, அது பாய் கடை இல்ல? மெட்ரோவுக்காக அதை இடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சேடி” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். பாய் கடைதான். நீல போர்டு, வாசலில் தொங்கும் வாழைத்தார், பக்கத்தில் பூவரச மரம். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை ஆரம்பித்தபோது எடுத்துவிட்ட கடை. மரமும் போய்விட்டது. இன்று அங்கே தகர வேலிதான் நிற்கிறது. இல்லாத கடையின் முன்னால் ஓடிய தண்ணீரைப் பார்த்துத்தான் என் அம்மா படி ஏறியிருக்கிறார்.

அந்தச் சேனலுக்கு நான் போன் செய்தேன். எடுத்துப் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “அது ஃபைல் விஷுவல் மேடம். ஸ்பாட்டுக்கு ஆள் போய் ஃபுட்டேஜ் வர்ற வரைக்கும் அதைத்தான் ஓட்டுவோம். எல்லா சேனல்லயும் அப்படித்தான்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்த வேலையை அவர் செய்கிறார். ஆனால் ‘எல்லா சேனலிலும் அப்படித்தான்’ என்ற அந்த ஒரு வார்த்தை ஆறு மாதமாக என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் ஒரு சேனலுக்குப் புகார் எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் லேபுக்கு வரும் ஒவ்வொரு ரத்தக் குப்பியிலும் பெயர், தேதி, எடுத்த நேரம் மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் அதை நாங்கள் மெஷினில் வைக்க மாட்டோம். நோயாளி மேடவாக்கத்திலிருந்து வெறும் வயிற்றோடு வந்தவராக இருந்தாலும் சரி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி ஊசி குத்துவோம். காலை ஏழு மணி ரத்தத்தையும் சாப்பாட்டுக்குப் பிந்தைய ரத்தத்தையும் மாற்றி வைத்தால் சர்க்கரை அளவு தப்பாகும், மாத்திரை தப்பாகும், ஒரு ஆளே மயங்கி விழலாம். அதுவும் ரத்தம்தான், இதுவும் ரத்தம்தான். நேரம் எழுதாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தேதியில்லாத வெள்ளமும் அப்படித்தான்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். இயற்கைப் பேரிடர், பெரிய விபத்துக் காட்சிகளைக் காட்டும்போது அவற்றின் மேல் தேதியும் நேரமும் போட வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 ஆகஸ்டிலேயே தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பழைய காட்சிகள் மக்களிடம் குழப்பத்தையும் பீதியையும் உண்டாக்கலாம் என்ற காரணத்தையும் அதிலேயே சொல்லியிருக்கிறது. அந்தக் கடிதம் உங்கள் அலுவலகங்களுக்கு வராமலா இருந்திருக்கும்?

அம்மாவுக்கு வாக்கர் பிடித்து நடக்கப் பழக்கிக்கொண்டிருந்த மாதங்களில் நானும் வீட்டில் அதிகம் இருந்தேன். அப்போதுதான் எங்கள் வீட்டை நானே புதிதாகப் பார்த்தேன். எங்கள் கூடத்தில் நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தபடி இல்லை. எல்லாமே டிவியைப் பார்த்தபடி இருக்கின்றன. இப்படிப் போட வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை, தானாக அப்படி ஆகியிருக்கிறது. அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு நேரம் ‘எட்டு மணி நியூஸ் முடிஞ்சதும்’. பத்து வருடமாக ஒரு குண்டுமணித் தங்கம்கூட வாங்காத வீட்டில் தினமும் காலையில் சவரன் விலை தெரிந்தாக வேண்டும். என் மகனுக்கு ஒன்பது வயது. ஐப்பசி பிறந்துவிட்டால் காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போக மாட்டான். திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கப் போவான். மழை பெய்கிறதா என்ற கேள்விக்கு அவன் பதில் தேடுகிற இடம் வானம் இல்லை. ஒரு நாள் அவன் தன் நண்பனிடம் போனில் “எங்க அம்மா இன்னிக்கு ரெட் அலர்ட்டுல இருக்காங்கடா” என்று சொன்னான். கேட்டுவிட்டு நான் சமையலறையிலேயே நின்றுவிட்டேன்.

அம்மா செங்கல்பட்டுப் பக்கம் பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் துணியை எடு என்பார். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று கணக்கு வைத்திருந்தவர். அப்பா இருந்த காலத்தில் காலை ஏழேகால் மணிக்கு ரேடியோவில் சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்து முடித்ததும் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். அதன் பிறகு மாலை வரைக்கும் உலகத்தில் என்ன நடந்தாலும் வீட்டு வேலை நடக்கும். 1975-ல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தபோதும் செய்திக்கு என்று ஒரு நேரம் இருந்தது. இப்போது அந்த நேரம் 24 மணி நேரமாகிவிட்டது. இந்த நீளத்தை நிரப்பத்தான் பழைய தண்ணீர் தேவைப்படுகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பழையதே நல்லது என்று நான் சொல்லவில்லை. தட்டானை நம்பி ஒரு ஊரை நடத்த முடியாது. பள்ளிக்கரணையில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே வானிலை ரேடார் சுற்றுகிறது, அது நம் எல்லோருக்கும் பெரிய பாதுகாப்பு. நான் கேட்பது அந்த ரேடார் சொன்னதை அது சொன்ன அளவிலேயே எங்களிடம் கொண்டுவந்து சேருங்கள் என்று. நுங்கம்பாக்கம் வானிலை மையத்திலிருந்து எஸ்.ஆர். ரமணன் பேசிய நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். 2016-ல் அவர் ஓய்வு பெறும் வரைக்கும் புயல் என்றால் அவர் முகம்தான். குரலை உயர்த்தாமல் ‘ஓரிரு இடங்களில்’ என்பார். எங்கள் வீட்டில் யாரும் பதறியதில்லை, ஆனால் எல்லோரும் கேட்டோம்.

அந்த ‘ஓரிரு இடங்களில்’ என்பதற்குக்கூட ஒரு கணக்கு இருக்கிறது. நூற்றில் 25 இடங்களுக்கு மேல் இல்லை என்று அர்த்தம். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டரிலிருந்து தொடங்குகிறது. 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஒரு மணி நேரம் சிவப்புப் பட்டையைக் காட்டுகிற நீங்கள் அந்த ஒரு நிமிடத்தை ஏன் எங்களுக்குத் தருவதில்லை? இவ்வளவு மழை வரலாம் என்று சொல்கிற வண்ணம் அது. உங்கள் திரையில் இவ்வளவு வெள்ளம் வந்துவிட்டது என்று ஆகிவிடுகிறது.

2024 அக்டோபர் 16-ம் தேதியை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2015-லும் மிக்ஜாம் புயலிலும் வண்டியை இழந்தவர்களின் பயம் அது, அதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் முதல் நாளே பால் பாக்கெட்டும் ரொட்டியும் மெழுகுவத்தியும் தீர்ந்துவிட்டன. 16-ம் தேதி எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. நல்லதுதான். ஆனால் வானிலை கணிப்பு தவறலாம், வானம் நம் பேச்சைக் கேட்காது என்பதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னீர்களா? அன்று காலை எங்கள் லேபுக்கு வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. கர்ப்பிணிகளுக்கு வாரக் கணக்கு வைத்துச் செய்கிற சர்க்கரைப் பரிசோதனை அன்றைக்கு மூன்று பேருக்குத் தள்ளிப்போனது.

அதைவிட எனக்கு பயமாக இருப்பது அதற்கடுத்து நடப்பதுதான். “டிவில எப்பவும் இப்படித்தான் சொல்லுவாங்க” என்று எங்கள் தெருவில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். புலி வருது, புலி வருது என்ற கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அடையாற்றங்கரையில் எத்தனையோ பேருக்கு அது கதவைத் தட்டும்போதுதான் தெரிந்தது. அப்படி ஒரு ராத்திரி மறுபடி வந்து, உண்மையான காட்சியை, உண்மையான நேரத்தில் நீங்கள் காட்டும்போது, ‘ஃபைல் விஷுவலாக இருக்கும்’ என்று ஒருவர் திரும்பிப் படுத்துவிட்டால் என்ன செய்வது? தேதியும் நேரமும் இருந்தால் அவர் எழுந்து உட்காருவார். அதற்காகவும்தான் கேட்கிறேன், போடுங்கள்.

உங்கள் நிருபர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிக்ஜாம் நேரத்தில் முடிச்சூரிலும் பெரும்பாக்கத்திலும் மார்பளவு தண்ணீரில் மைக்கோடு நின்ற பிள்ளைகளை நாங்கள் பார்த்தோம். எங்கள் பகுதிக்குப் படகு வந்ததற்கு அவர்கள் காட்டிய காட்சியும் ஒரு காரணம். அந்தப் பிள்ளைகள் நனைந்து எடுத்த காட்சிக்கும், பழைய பெட்டியிலிருந்து எடுத்த காட்சிக்கும் ஒரே இடத்தைக் கொடுப்பது முதலில் அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

மழையோடு இது நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாலை விபத்தின் சிசிடிவி காட்சியைச் சாப்பாட்டு நேரத்தில் பத்து முறை ஓட்டுகிறீர்கள். வண்டி மோதுகிற இடத்தில் வட்டம் போட்டுக் காட்டுகிறீர்கள். விழுந்தவருக்கும் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டிலும் ஒரு டிவி இருக்கும். தற்கொலைச் செய்தியில் எப்படிச் செய்துகொண்டார் என்பதை விவரமாகச் சொல்லக் கூடாது என்று பத்திரிகை கவுன்சில் 2019-லேயே நெறிமுறை தந்திருக்கிறது. அதையும் மறந்துவிடுகிறார்கள். என் மகன் இப்போதெல்லாம் சாலையைக் கடக்கும்போது என் கையை இறுக்கிப் பிடிக்கிறான். ஜாக்கிரதை நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. அவன் எதைப் பார்த்து வளர்கிறான் என்பதை நான் தீர்மானிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் அதைத் தீர்மானிப்பது யார் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

சரி, இதெல்லாம் ஒரே மடலில் தீராது. போட்டி இருக்கிறது, ரேட்டிங் இருக்கிறது, பக்கத்துச் சேனல் போட்டால் நாமும் போட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது. அதனால்தான் பெரிதாக எதையும் கேட்காமல் ஒரு வரியைக் கேட்கிறேன். இடம், தேதி, நேரம். திரையின் மூலையில் உங்கள் சேனலின் சின்னத்துக்கு நாள் முழுக்க இடம் இருக்கிறது. அதில் பாதி இடம் போதும். அப்புறம், மழைச் செய்திக்கு அந்தச் சைரன் சத்தம் வேண்டாம். தனியாக இருக்கும் வயதானவர்கள் அதைக் கேட்டால் எழுந்து ஓடுகிறார்கள். ஓடுகிற வயதா அது?

இந்த மடலை உங்களில் ஒருவர் படித்து, காலைக் கூட்டத்தில் ஒரு முறை எடுத்துப் பேசினால் போதும் என்று மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு சேனல் தொடங்கினால் மற்றவர்களும் செய்வார்கள். எல்லா சேனலிலும் அப்படித்தான் என்று அந்தத் தம்பி அன்றைக்குச் சொன்னதை, இதற்காகவும் ஒரு நாள் யாராவது சொல்லட்டும்.

வருகிற ஐப்பசிக்குள் இதைச் செய்துகொடுங்கள். அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் கூடத்துக்குள் நடக்கிறார். ஆனால் அவருடைய கட்டில் இன்னும் தரைத்தளத்தில்தான் இருக்கிறது. படி ஏற வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவர் கை கொடுக்க வேண்டும். நான் வேளச்சேரியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். உண்மையிலேயே தண்ணீர் வருகிறது என்றால், அந்த முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து உங்கள் நேயர் ஒருத்தி